விமான சிமுலேட்டருக்கு ஒலி அமைக்கிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடி போகும் நாலுவழிச் சாலையில், வாகைக்குளம் விமான நிலையம் பக்கம் ஏடிஆர் (ப்ரொப்பெல்லர் வைத்த சின்னப் பயணிகள் விமானம்) கிளம்பும் சத்தம் கேட்டால் பைக்கை ஓரங்கட்டிவிட்டுப் போனை நீட்டும் பையன்கள் இருக்கிறார்கள். படம் எடுக்க மட்டுமில்லை, சத்தத்தைப் பிடிக்கவும்தான். நம்ம ஊர் ஓடுதளத்திலிருந்து நம்ம ஊர் விமானத்தை சிமுலேட்டரில் ஓட்ட வேண்டும், சத்தமும் அச்சு அசலாக இருக்க வேண்டும் என்று ஆசை. நல்ல ஆசைதான். ஆனால் அவர்கள் செய்யும் ஒலித்தொகுப்புகளில் பெரும்பாலும் ஒரே கோளாறு தெரிகிறது. நல்ல பதிவு கையில் கிடைத்ததும் வேலை முடிந்ததாக நினைத்துவிடுகிறார்கள். எஞ்சின் அந்த நொடியில் என்ன செய்கிறது, கேட்பவரின் காது எங்கே இருக்கிறது என்பதையெல்லாம் பதிவு தானாகப் பார்த்துக்கொள்ளாது.

அதிகம் கண்ணில் படும் தவறு, பவரைக் கூட்டும் த்ராட்டில் லீவரைத் தள்ளத் தள்ளச் சுருதியும் ஏறும்படி வைப்பது. செஸ்னா 172-க்கு இது சரி. அதன் ப்ரொப்பெல்லர் இலைகளின் கோணம் மாறாது; பவர் கூடினால் சுழற்சி கூடும், கூடவே சுருதியும் ஏறும். ஏடிஆர் 72-600 அப்படியில்லை. அங்கே சுழற்சியை ஒரே அளவில் பிடித்து வைக்க கவர்னர் இருக்கிறது. பறக்கும்போது பவரைக் கூட்டினால் இலைகளின் கோணம்தான் மாறும். சுருதி நின்ற இடத்தில் நிற்க, சத்தத்தின் கனமும் கரகரப்பும் மட்டும் கூடும்.

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். டேக்ஆஃபில் ப்ரொப்பெல்லர் நிமிடத்துக்கு 1200 சுற்று. அதுதான் 100 சதவீதம். அதாவது நொடிக்கு 20 சுற்று. இலைகள் ஆறு என்பதால் அடிப்படைச் சத்தம் 120 ஹெர்ட்ஸ். கொஞ்சம் உயரம் பிடித்து ஏறுமுகப் பவருக்கு மாறியதும் சுழற்சி 82 சதவீதத்துக்கு இறங்கும், சத்தமும் 98 ஹெர்ட்ஸுக்கு வந்துவிடும். உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு இது பளிச்சென்று தெரியும்: அதுவரை இறுக்கிப் பிடித்த சத்தம் ஒரு படி தணிந்து, அங்கேயே நிலைத்துவிடும். முதல்முறை பறப்பவர்கள் எஞ்சினுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பக்கத்து சீட்டைப் பார்ப்பது இந்த இடத்தில்தான். இந்த இறக்கம் இல்லாத ஏடிஆர் ஒலித்தொகுப்பு, என்னைக் கேட்டால், ஏடிஆர் ஒலித்தொகுப்பே இல்லை.

எக்ஸ்-பிளேன் 11-இல் வந்த எஃப்மாட், மைக்ரோசாஃப்டின் 2020 சிமுலேட்டர் பயன்படுத்தும் வைஸ் என்ற இரண்டு ஒலி மென்பொருள்களிலுமே, எந்த ஒலி எந்த அளவைப் பின்தொடர வேண்டும் என்று நீங்களே வைத்துக்கொள்ளலாம். லீவரோடு கட்டாதீர்கள். ப்ரொப்பெல்லர் சுழற்சியோடு சுருதியையும், டார்க்கோடு (எஞ்சினின் முறுக்குவிசை) கனத்தையும் கட்டுங்கள். ஜெட் என்றால் என்1, அதாவது முன்விசிறியின் சுழற்சி வேகம். லீவரைத் தள்ளியதும் ஜெட் எஞ்சின் உடனே சீறாது. ஐடிலில் இருந்து முழு வேகம் எடுக்கச் சில நொடிகள் பிடிக்கும். அந்தத் தாமதத்தை லீவரோடு கட்டிய சத்தம் விழுங்கிவிடும்.

எஞ்சினையும் ப்ரொப்பெல்லரையும் ஒரே ஃபைலில் அடைப்பது அடுத்த தவறு. ஏடிஆரில் தனியாக ஏபியு, அதாவது தரையில் நிற்கும்போது மின்சாரம் தரும் துணை எஞ்சின், கிடையாது. அதற்குப் பதில் வலப்பக்க எஞ்சினின் ப்ரொப்பெல்லரை பிரேக் போட்டு நிறுத்திவிட்டு எஞ்சினை மட்டும் ஓடவிடும் ஹோட்டல் மோட் இருக்கிறது. இலைகள் அசையாது, டர்பைன் மட்டும் கூவிக்கொண்டிருக்கும். இரண்டும் ஒட்டிக்கிடக்கும் தொகுப்பில் இதைச் செய்யவே முடியாது.

இனி பதிவு. நம்ம பக்கம் இதற்கு முதல் எதிரி காற்று. கயத்தாறிலும் ராதாபுரத்திலும் காற்றாலைகளைச் சும்மா நடவில்லை. ஆனி, ஆடியில் மைக்கை நீட்டினால் விமானத்தை விடக் காற்றுதான் அதிகம் பதிவாகும். அப்புறம் வீட்டுக்கு வந்து, 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாவற்றையும் வெட்டி எறிந்து ‘சுத்தம்’ செய்கிறார்கள். மேலே பார்த்த 120-ம் 98-ம் எங்கே இருக்கின்றன? அந்த வெட்டில்தான் போய்விட்டன. மிஞ்சுவது மிக்ஸி சத்தம். மைக்குக்கு ரோம உறை போட்டு, மாசி பங்குனிக் காலையில் எடுப்பதுதான் வழி. போனில் எடுத்தால் ஒலியளவைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் விமானம் தூரம் போகப் போகப் போன் அதை இழுத்து இழுத்துப் பெரிதாக்கும், தூரமே தெரியாது.

லூப் செய்யும், அதாவது திரும்பத் திரும்ப ஓடும் துண்டை ஹெட்போன் போட்டு முழுசாகக் கேளுங்கள். பொட்டல் காட்டில் ஆள்காட்டிக் குருவி சும்மா இருக்காது. அது ஒரு கத்து கத்தியிருந்தால், சில நொடிக்கு ஒருமுறை 17,000 அடி உயரத்திலும் கத்திக்கொண்டே வரும்.

காது எங்கே இருக்கிறது என்பதில் நடக்கும் கூத்துகள் தனி. மதுரையிலோ திருவனந்தபுரத்திலோ ஏர்பஸ் ஏ320 ஏறியவர்கள், தரையில் இருக்கும்போது காலடியில் நாய் குரைப்பது போல ஒரு சத்தம் வருவதைக் கேட்டிருப்பார்கள். அது பிடியு, ஒரு ஹைட்ராலிக் அமைப்பிலிருந்து இன்னொன்றுக்கு அழுத்தம் தரும் கருவி. கேபினின் நடுப்பகுதியில் உரக்கக் கேட்கும். அதை காக்பிட்டில் அதே அளவுக்கு வைத்துக் காதைக் கிழிக்கிறார்கள். பயண உயரத்தில் ஏ320 காக்பிட்டை நிறைப்பது வெளிக்காற்றின் இரைச்சலும் ஏசியும்தான்; எஞ்சின் எங்கேயோ பின்னால் இருக்கும். அந்தக் காற்றிரைச்சலும் தரைவேகத்தைப் பார்த்து மாறக் கூடாது, ஸ்பீடு மீட்டர் காட்டும் காற்றுவேகத்தைத்தான் பார்க்க வேண்டும்.

வெளியே நின்று கேட்டால் திசை முக்கியம். ஜெட் எதிரே வரும்போது விசிறியின் கூவல், தாண்டிய பின் புகைபோக்கிப் பக்கத்து உறுமல். ப்ரொப்பெல்லரோ பக்கவாட்டில் வரும்போதுதான் முழு உரப்பு. டாப்ளரையும் சும்மா காதளவில் வைக்காதீர்கள். நம்ம ஊர் வெயிலில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர். மணிக்கு 250 கிலோமீட்டரில் ஒரு விமானம் ஒட்டிக் கடந்தால், வரும்போது இருந்த சுருதி போகும்போது ஒன்றரைப் பங்கிலிருந்து ஒரு பங்காக இறங்கும். சங்கீதம் தெரிந்தவர்களுக்குச் சொன்னால், பஞ்சமத்திலிருந்து சட்ஜத்துக்கு. தூரத்தில் போகிற விமானத்துக்கு அதே இறக்கம் மெதுவாக வழுக்கிக்கொண்டு வரும், தடாலென்று விழாது. ஒரு கிலோமீட்டர் தள்ளி இருப்பதன் சத்தம் வந்துசேரக் கிட்டத்தட்ட மூன்று நொடி ஆகும் என்பதையும், தூரம் கூடக்கூட மேல்சுருதிகள்தான் முதலில் கரையும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு எஞ்சினுக்கும் ஒரே ஃபைலை ஒரே நொடியில் ஓடவிட்டால் ஒரு எஞ்சின் சத்தம்தான் உரக்கக் கேட்கும். சுழற்சி நூலிழை மாறினாலே ‘வுவ்… வுவ்…’ என்று ஒரு அலை எழும். 98-க்கும் 97-க்கும் நடுவே நொடிக்கு ஒன்று. அந்த அலை இருந்தால்தான் இரட்டை எஞ்சின். தரையிறங்கும்போது லீவரைப் பின்னால் இழுக்கச் சொல்லும் ஏர்பஸ்ஸின் ‘ரிட்டார்ட்’ அழைப்பை போயிங்கில் ஒட்டுவது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஒட்டாதீர்கள், அவ்வளவுதான்.

கடைசியாக மிக்ஸிங். லேப்டாப்பின் குட்டி ஸ்பீக்கரில் 98 ஹெர்ட்ஸ் சரியாக வரவே வராது. அது கேட்கவில்லையே என்று கீழ்ச்சுருதியை ஏற்றிக்கொண்டே போனால், ஹெட்போன் போட்டு ஓட்டுகிறவருக்கு மண்டை அதிரும். ஹெட்போனில் அளவை முடிவு செய்யுங்கள், லேப்டாப்பில் சரிபார்க்க மட்டும் செய்யுங்கள். டேக்ஆஃபின் முழுப் பவரில், எச்சரிக்கை மணியும் சேர்ந்து அடிக்கும்போதுகூட ஒலிமானி சிவப்பைத் தொடக் கூடாது. முதலில் அந்த நொடியை ஓடவிட்டு அளவு வைத்துக்கொண்டு, மற்ற எல்லாவற்றையும் அதற்குக் கீழே இறக்கி அமையுங்கள்.