மார்கழிக் குளிரில் வீட்டு பேக்கிங்: ராகி கேக்கும் பூரண பன்னும்

கார்த்திகை தீபம் முடிந்த கையோடு ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கங்களில் காலை வெகுநேரம் வரை பனி விலகுவதில்லை. கிருஷ்ணகிரியிலும் தருமபுரியிலும் குளிர் அந்த அளவுக்கு இறங்காது என்றாலும், இரவு கரைத்து வைத்த இட்லி மாவு விடிந்தும் பொங்காமல் பாத்திரத்தின் அடியிலேயே கிடக்கும் நாளில் மார்கழி நெருங்கிவிட்டது என்று வீட்டிலுள்ளோர் அறிந்துகொள்வார்கள். அந்த மாவுக்கு நேர்வதே பன் மாவுக்கும் நேர்கிறது. கேக்குக்கான வெண்ணெயும் அதே குளிரில் கல்லாக இறுகுகிறது. கோடை விடுமுறையில் செய்து பழகிய அளவையும் நேரத்தையும் டிசம்பரிலும் அப்படியே கையாண்டுவிட்டு, கைப்பக்குவம் போய்விட்டதோ என்று கவலைப்படுவோர் பலர். சில மாற்றங்களைச் செய்துகொண்டால், மூன்று முதல் எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை அடுப்பங்கரையிலேயே இன்பமாகக் கழிக்கலாம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கீழே வரும் கேக்கில் கேழ்வரகு மாவு சேர்வது உடல்நலத்திற்காக அன்று. வெண்ணெயும் வெல்லமும் கோகோவும் சேர்ந்த மாவில் கேழ்வரகின் மண்வாசம் கலந்தால் வரும் சுவைக்காகவே அதைச் சேர்க்கிறேன். வெண்ணெயைக் குறைத்து, இனிப்பைக் குறைத்து, “சத்தான கேக்” என்று பெயரிட்டுப் பிள்ளைகளிடம் நீட்டினால், அவர்கள் ஒரு வாய் கடித்துவிட்டுத் தட்டை நகர்த்திவிடுவார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

தமிழ்நாட்டில் கேழ்வரகு மிகுதியாக விளைவது கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில்தான். 2023-இல் தருமபுரியிலும் நீலகிரியிலும் ரேஷன் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்கும் முறையும் தொடங்கியது. ஆகவே தானியத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால், களிக்கு அரைத்த மாவை அப்படியே கேக்குக்கு எடுத்தால் பல்லில் நறநறக்கும். கேழ்வரகைக் கல் பார்த்து, கழுவி, நன்கு உலர்த்தி, மில்லில் நைஸாக அரைத்துத் தரும்படி கேட்டு வாங்கி, வீட்டில் மெல்லிய துணியிலோ மிக நுண்ணிய சல்லடையிலோ சலித்துக்கொள்வது நல்லது. சல்லடையில் தங்கும் தவிட்டைக் கூழுக்கு வைத்துக்கொள்ளலாம்.

கேழ்வரகு வெல்ல கேக்

18 முதல் 20 செ.மீ. அகலமுள்ள ஒரு கேக் டின்னுக்கு இந்த அளவு பொருந்தும்: சலித்த கேழ்வரகு மாவு 100 கிராம், மைதா அல்லது நைஸான கோதுமை மாவு 100 கிராம், கோகோ பவுடர் 25 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 120 கிராம், தூளாக்கிய வெல்லம் 180 கிராம், முட்டை 2, கெட்டித் தயிர் 120 மி.லி., பால் 50 மி.லி., பேக்கிங் பவுடர் ஒன்றரைத் தேக்கரண்டி, சோடா மாவு கால் தேக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு. கேழ்வரகில் குளூட்டன் கிடையாது. மாவைப் பிணைத்துப் பிடிக்கும் அந்தப் புரதம் கோதுமையிலிருந்துதான் வர வேண்டும். இரண்டு மாவும் சரிபாதி என்பதே நான் ஒப்பும் எல்லை. கேழ்வரகை அதற்கு மேல் கூட்டினால், வெட்டும்போது கேக் உதிர்ந்துவிடும்.

கேழ்வரகு மாவைத் தயிரிலும் பாலிலும் கட்டியில்லாமல் கரைத்து அரை மணி நேரம் ஊறவிடுங்கள். நறநறப்பு அடங்குவதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. அந்த அரை மணி நேரத்தில் வெல்லத்தைக் கால் டம்ளர் நீரில் கரையும் வரை மட்டும் சூடாக்கி வடிகட்டுங்கள். பாகுப் பதத்துக்குக் காய்ச்ச வேண்டாம். பாலக்கோடு, கடத்தூர் பக்கத்து உருண்டை வெல்லம் கிடைத்தால் நிறமும் மணமும் சிறப்பாக இருக்கும். எந்த வெல்லமானாலும் வடிகட்டாமல் சேர்க்கக் கூடாது, அடியில் மண் நிற்கும். கரைசல் கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகே வெண்ணெயுடன் சேர வேண்டும்.

குளிரின் வேலை இந்த இடத்தில்தான் தெரியும். வெண்ணெய் குழைந்து இருக்க வேண்டும், உருகி இருக்கக் கூடாது. ஓசூர்க் காலை வேளையில் அதை மேடையில் இரண்டு மணி நேரம் வைத்திருந்தாலும் விரல் உள்ளே இறங்காது. சிறு துண்டுகளாக நறுக்கி ஒரு தட்டில் பரப்பி, வெந்நீர் ஊற்றிச் சுடவைத்து உடனே கொட்டித் துடைத்த பாத்திரத்தை அதன்மேல் கவிழ்த்து வையுங்கள். ஐந்து நிமிடத்தில் பதமாகிவிடும். குளிர்ந்த முட்டையை வெண்ணெயில் உடைத்து ஊற்றினால் கலவை திரிந்துபோகும் என்பதால், முட்டைகளை ஓட்டுடன் வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் போட்டு வைத்து எடுத்துக்கொள்ளுங்கள்.

வெண்ணெயை நுரை நிறம் வரும்வரை அடித்து, வெல்லக் கரைசலைச் சிறிது சிறிதாகவும், முட்டைகளை ஒவ்வொன்றாகவும் சேர்த்து, பின்னர் ஊறிய கேழ்வரகுக் கலவையைக் கலக்குங்கள். மைதா, கோகோ, உப்பு, பேக்கிங் பவுடர், சோடா மாவு ஆகியவற்றை ஒன்றாகச் சலித்து இறுதியில் சேர்த்து, உலர்மாவு கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மட்டும் கிளறி நிறுத்திவிடுங்கள். தயிரின் புளிப்பும் சோடா மாவும் சந்தித்த நொடியிலேயே குமிழ் விடத் தொடங்கிவிடுமாதலால், அதன்பின் மாவைக் காத்திருக்க வைக்கலாகாது. அடுப்பு அதற்கு முன்பே சூடாகியிருக்க வேண்டும். நெடுநாள் திறந்து கிடந்த பேக்கிங் பவுடர் மீது ஐயம் இருந்தால், அரைத் தேக்கரண்டியை வெந்நீரில் போட்டுப் பாருங்கள். பொங்கி நுரைக்காவிட்டால் தூர எறிந்துவிடுங்கள்.

கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரி வழியாக ஓசூருக்கு ஏறும்போது உயரம் ஏறக்குறைய இரு மடங்காகிறது. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே காற்றழுத்தம் குறைவு. நீர் 97 டிகிரியை ஒட்டியே கொதிக்கிறது. கேக்கும் சற்று விரைந்து எழும்பி, நடு வேகுமுன் குழிந்துவிடக் கூடும். ஓசூர், தளிக்காரர்கள் பேக்கிங் பவுடரை ஒன்றேகால் தேக்கரண்டியாகக் குறைத்து, பாலை ஒரு மேசைக்கரண்டி கூட்டிக்கொண்டால் போதும். தருமபுரியில் எதையும் மாற்ற வேண்டியதில்லை.

ஓவன் இருந்தால் 170 டிகிரியில் 35 முதல் 40 நிமிடம். இல்லாதவர்கள் குக்கரைத் தேட வேண்டாம். நீரின்றிச் சூடேற்றுவது குக்கருக்கு நல்லதன்று. அடிகனமான பழைய பிரியாணி டேக்சா போதும். அடியில் ஓர் அங்குலத்துக்குக் கல் உப்பைப் பரப்பி, நடுவில் ஒரு ஸ்டாண்டு வைத்து, மூடி, மிதமான தீயில் பத்து நிமிடம் சூடாக்கிய பிறகு கேக் டின்னை உள்ளே இறக்கித் தீயைக் குறைத்துவிடுங்கள். இம்முறையில் 45 நிமிடத்துக்குக் குறையாது. மூடியை அரை மணி நேரத்துக்கு முன் திறக்கக் கூடாது. குளிர்காலத்தில் உள்ளே நுழையும் காற்று, எழும்பிக்கொண்டிருக்கும் கேக்கைச் சட்டென்று உட்காரவைத்துவிடும். நடுவில் குத்திய குச்சி ஈரமின்றி வந்தால் வெந்தது என்று பொருள். பயன்படுத்திய உப்பை ஆறவைத்து ஒரு டப்பாவில் இட்டு அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளலாம், சமையலுக்கு வேண்டாம்.

பிள்ளைகளுக்கு வேலை

எல்லாவற்றையும் பெரியவர்களே செய்துவிட்டு, இறுதியில் மேலே தூவுவதற்கு மட்டும் பிள்ளைகளை அழைப்பது அவர்களை ஏமாற்றுவதாகும். வெல்லத்தைச் சிற்றுரலில் தட்டுவது, மாவைச் சலிப்பது, தயிர் மத்தால் கேழ்வரகைக் கரைப்பது ஆகியவற்றை நான்கு வயதுப் பிள்ளை தாராளமாகச் செய்யும். சிந்தும், சிந்தட்டும். மேடையருகே நாற்காலி போட்டு ஏற்றுவதைவிட, தரையில் பழைய புடவையை விரித்து எல்லோரும் சுற்றி அமர்ந்துகொண்டால் விழும் பயமும் இல்லை, துடைக்கும் வேலையும் குறைவு.

குளிர்காலத்துக்கென்றே ஓர் எச்சரிக்கை உண்டு. ஸ்வெட்டரின் தொங்கும் கைப்பகுதியும், கழுத்தில் சுற்றிய மஃப்ளர் நுனியும், பெரியவர்களின் சால்வையும் தீயருகே வரக் கூடாது. அடுப்பைப் பற்றவைக்குமுன் அவற்றைக் கழற்றிவிடுங்கள். பச்சை முட்டையும் பச்சை மாவும் கலந்த கலவையைப் பிள்ளைகள் வழித்து நக்க விடாதீர்கள். அதற்கு ஈடாக வெல்லத் துண்டு ஒன்றைக் கொடுத்துச் சமாதானப்படுத்தலாம். ஐந்து வயதுக்குட்பட்டோருக்கான பங்கில் முழு முந்திரி, பாதாம் வேண்டாம், பொடித்துச் சேருங்கள். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேனைத் துளியும் தரக் கூடாது.

பூரணம் வைத்த பன்

ஓசூர்ப் பக்கம் ஒப்பட்டு என்று சொல்லும் போளியின் பூரணத்தை வெண்ணெய் பன்னுக்குள் வைத்துச் சுட்டால், கடைகளில் விற்கும் தேங்காய் பன்னை மறந்துவிடலாம். மைதா 300 கிராம், சர்க்கரை 30 கிராம், உப்பு ஒரு தேக்கரண்டி, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் ஒரு தேக்கரண்டி, வெதுவெதுப்பான பால் 180 மி.லி. ஆகியவற்றைச் சேர்த்துப் பிசைந்து, பிறகு 45 கிராம் வெண்ணெயைச் சேர்த்து, ஒட்டாமல் மிருதுவாகும் வரை பத்து நிமிடத்துக்குக் குறையாமல் மீண்டும் பிசைய வேண்டும். பால் எவ்வளவு சூடாக இருக்கலாம் என்பதை நான் அடிபட்டுக் கற்றேன். குளிராக இருக்கிறதே என்று ஒரு டிசம்பர் காலையில் ஆவி பறக்கும் பாலை ஊற்றிவிட்டு நண்பகல் வரை காத்திருந்தேன், மாவு அசையவேயில்லை, அன்று மதியம் வீட்டில் எல்லோரும் தின்றது தடித்த சப்பாத்தி. ஈஸ்ட் உயிருள்ள நுண்ணுயிர். 55, 60 டிகிரிச் சூட்டில் மடிந்துவிடும். சுண்டுவிரலை விட்டால் வெதுவெதுப்பாகத் தெரியும் 35 முதல் 40 டிகிரி போதும்.

மேடையில் மூடி வைத்தால் கோடையில் ஒரு மணி நேரத்தில் இரட்டிப்பாகும் மாவு, மார்கழியில் இரண்டு மணி நேரத்துக்கு மேலும் எடுத்துக்கொள்ளும். கொதித்த நீரை ஒரு கிண்ணத்தில் ஊற்றி, பற்றவைக்காத ஓவனுக்குள்ளோ பெரிய மூடி போட்ட டேக்சாவுக்குள்ளோ மாவுக்கருகில் வைத்து மூடிவிட்டால் நேரம் குறையும். கடிகாரத்தை நம்பாதீர்கள், விரலால் அழுத்திய குழி மெல்ல மேலெழும்பினால் மாவு தயார்.

இந்த நேரத்தைப் பிள்ளைகளோடு கழிப்பதற்கு நம் ஊரில் குளிர்காலமே ஒரு வேலையைத் தருகிறது. பச்சை மொச்சை சந்தைக்கு வரும் பருவம் இது. முதல் நாளே உரித்து நீரில் ஊறவைத்த பருப்பைப் பிள்ளைகள் முன் ஒரு தட்டில் கொட்டிவிடுங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து அழுத்தினால், தோல் விரலிலேயே நின்றுவிட, வழவழப்பான பருப்பு துள்ளிப் பறக்கும். என் மகள் முதன்முதலாகப் பிதுக்கியபோது அது தட்டைத் தாண்டி அவள் தாத்தாவின் மூக்குக் கண்ணாடியில் போய் மோதியது; அதன்பின் குறிபார்த்தே பிதுக்கினாள். இரவுக்குப் பிதுக்குப் பருப்புக் குழம்பும் ஆயிற்று, மாவும் பொங்கியிருந்தது. மொச்சை கிடைக்காத வீட்டில் புளியங்கொட்டையும் பல்லாங்குழியும் இருக்கின்றன.

பொங்கிய மாவை எட்டாகப் பிரித்து, துருவிய தேங்காயும் வெல்லமும் ஏலக்காயும் சேர்த்துக் கெட்டியாகக் கிளறி ஆறவைத்த பூரணத்தை ஒரு மேசைக்கரண்டி வீதம் உள்ளே வைத்து, விளிம்புகளைக் கொழுக்கட்டைக்கு மூடுவதுபோல் சேர்த்து உருட்டி, மூடிய பக்கம் கீழே இருக்கும்படி தட்டில் அடுக்குங்கள். மறுபடியும் முக்கால் மணி நேரம் எழும்பவிட்டு, மேலே பால் தடவி, 180 டிகிரியில் 18 முதல் 20 நிமிடம் சுட வேண்டும். வெளியே எடுத்த சூட்டோடு வெண்ணெய் தடவுவதில் கருமித்தனம் கூடாது. பூரணம் உள்ளே கொதித்துக்கொண்டிருக்கும். பிள்ளைகள் கையில் கொடுப்பதற்குமுன் கால் மணி நேரம் ஆறட்டும்.

மாம்பழக் குழம்பு

கிருஷ்ணகிரியின் கூழ் ஆலைகளில் கோடையில் டின்னில் அடைக்கும் கிளிமூக்கு மாம்பழக் கூழ் டிசம்பரிலும் கடைகளில் கிடைக்கும். ஒரு டம்ளர் கூழை அடிகனமான பாத்திரத்தில் ஊற்றி, ருசி பார்த்துச் சர்க்கரை சேர்த்து, கரண்டியின் பின்புறத்தில் படியும் கெட்டித்தன்மை வரும்வரை மெல்லிய தீயில் கிளறுங்கள். இறக்கி, ஒரு துண்டு வெண்ணெயும் நாலைந்து துளி எலுமிச்சைச் சாறும் சேர்த்து, வெதுவெதுப்பாக வெட்டி வைத்த கேழ்வரகு கேக்கின்மேல் வழியும்படி ஊற்றுங்கள். திறந்த டின்னில் மீதியை விட்டு வைக்காமல் கண்ணாடிப் பாத்திரத்துக்கு மாற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, மூன்று நாளைக்குள் தீர்த்துவிடுங்கள்.

மீந்த கேக்கை கிருஷ்ணகிரி அணைப் பூங்காவுக்குச் செல்லும்போது எவர்சில்வர் டப்பாவில் எடுத்துச் செல்லலாம். வெல்லம் இருப்பதால் இரண்டு நாள் ஈரப்பதத்தோடு இருக்கும். மூன்றாம் நாள் வறண்டுவிட்டால், விரல் பருமனுக்கு வெட்டி, தோசைக்கல்லில் வெண்ணெய் விட்டு இருபுறமும் ஓரம் மொறுமொறுக்கும்வரை வாட்டி, சூடான பாலுடன் கொடுங்கள். எங்கள் வீட்டில் இதற்காகவே இரண்டு துண்டுகளை ஒளித்து வைப்பது வழக்கம்.