அலுவலக டேப்லெட்: பெட்டியைப் பிரிக்கும்போதே தொடங்கும் தவறுகள்

லேப்டாப் என்றால் ஐ.டி. பிரிவு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனிக்கும். டேப்லெட் என்றால் மட்டும் பெட்டியோடு கையில் கொடுத்து, "நீங்களே ஆன் பண்ணிக்கோங்க" என்று அனுப்பிவிடுவார்கள். பாதிச் சிக்கல் அங்கேதான் ஆரம்பம்.

ஐபேடை ஆன் செய்தால் ஆப்பிள் ஐடி (இப்போது அதன் பெயர் ஆப்பிள் அக்கவுண்ட்) கேட்கும். ஊழியர் தன் சொந்த ஐடியைக் கொடுப்பார். கூடவே, தொலைந்த கருவியைத் தேடும் 'ஃபைண்ட் மை' வசதியும் இயங்கத் தொடங்கிவிடும். பிறகு அவர் வேலையை விட்டுப் போகிறார், டேப்லெட்டை ஒழுங்காகத்தான் ஒப்படைக்கிறார். எல்லாவற்றையும் அழித்து அடுத்தவருக்குக் கொடுக்கலாம் என்று பார்த்தால், பழைய ஐடியின் பாஸ்வேர்டைக் கேட்டு அடம்பிடிக்கிறது. இதுதான் ஆக்டிவேஷன் லாக். பழைய கூகுள் கணக்கைக் கேட்கும் பூட்டு ஆண்ட்ராய்டிலும் உண்டு. திருடனுக்காக வைத்த பூட்டு, காசு கொடுத்து வாங்கிய நிறுவனத்தையே வெளியே நிறுத்திவிடும்.

இதைத் தவிர்க்க, வாங்கும்போதே நிறுவனக் கருவிகளைப் பதிவுசெய்யும் ஆப்பிளின் தளமான ஆப்பிள் பிசினஸ் மேனேஜரில் சீரியல் எண்ணை ஏற்றித் தரச் சொல்லி விற்பவரிடம் கேளுங்கள். ஆண்ட்ராய்டுக்கு ஜீரோ டச், சாம்சங்குக்கு நாக்ஸ் என்று இதே வேலைக்கு வழி இருக்கிறது. அப்புறம் யார் ஆன் செய்தாலும் கருவி நேராக நிறுவனத்தின் எம்.டி.எம். மென்பொருளில் (கருவிகளைத் தொலைவிலிருந்து நிர்வகிக்கும் மென்பொருள்) வந்து சேரும். முழுவதும் அழித்தாலும் திரும்ப அங்கேதான் வரும்.

எம்.டி.எம். போட்டாயிற்று என்று நிம்மதியாக இருப்பவர்கள் மறக்கும் ஒன்று, எம்.டி.எம். ஐபேடுகளோடு பேசத் தேவையான ஆப்பிளின் புஷ் சர்டிஃபிகேட். ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதுவும் முதலில் வாங்கிய அதே ஆப்பிள் ஐடியில். அந்த ஐடி எப்போதோ வேலையை விட்டுப்போன ஒருவருடையது என்றால்? புதிய சர்டிஃபிகேட் போட்டு, ஒவ்வொரு ஐபேடையும் மறுபடி சேர்க்கும் நிலைகூட வரலாம். தனி நபர் பெயரில் எடுக்காமல் ஐ.டி. பிரிவின் பொது மின்னஞ்சலில் எடுத்துவிட்டால் இந்தத் தலைவலியே இல்லை.

தொலைந்துபோனால் "ரிமோட்டா அழிச்சுடலாம்" என்பார்கள். இணையத்தில் இருக்கும் கருவிக்குத்தான் அந்தக் கட்டளை போய்ச்சேரும். வைஃபை மட்டும் உள்ள ஐபேட் அலுவலக வாசலைத் தாண்டினாலே தொடர்பு போய்விடும். ஒருமுறை ஆஃப் செய்து ஆன் செய்தால், பாஸ்கோடு போட்டுத் திறக்கும்வரை தெரிந்த வைஃபையில்கூட அது சேராது. வெளியே சுற்றுபவர்களுக்குச் சிம் உள்ள மாடலே சரி. அழிக்கும் பொத்தானை அவசரப்பட்டு அழுத்துவதும் தவறு. எம்.டி.எம். வழியாக அழித்துவிட்டால், அதை வைத்து இருக்கும் இடத்தைத் தேட முடியாது. முதலில் லாஸ்ட் மோடில் பூட்டி, எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

கடைசியில் காப்பது பாஸ்கோடுதான். 4 இலக்கம் என்றால் 10,000 சேர்க்கைகள், 6 இலக்கம் என்றால் 10 லட்சம். பின்பக்கம் ஸ்டிக்கரில் எழுதி ஒட்டினால் எத்தனை இலக்கம் வைத்தும் பயனில்லை. வரவேற்பறை மாதிரிப் பொது இடத்தில் நிற்கும் டேப்லெட்டை ஒரே செயலிக்குள் பூட்டிவிடுங்கள். மெயில் கணக்கு எதுவும் அதில் வேண்டாம்.

ஊழியரின் சொந்த டேப்லெட்டில் அலுவலக மெயில் இருந்தால் நிலைமை வேறு. அவர் விலகும் நாளில் முழுக் கருவியையும் அழித்தால் பிள்ளைகளின் படங்களும் சேர்ந்து போகும், சண்டை நிச்சயம். ஆண்ட்ராய்டில் 'வொர்க் புரொஃபைல்' என்று தனியறை இருக்கிறது, அதை மட்டும் நீக்கலாம். எதை அழிப்போம், எதைத் தொடமாட்டோம் என்பதைக் கணக்கைச் சேர்ப்பதற்கு முன்பே எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.