மும்பையில் வளர்ச்சித் திட்டத்துக்கு ஆட்சேபம் எழுதுவது எப்படி

தாராவியிலோ மாட்டுங்காவிலோ செம்பூரிலோ "ரோட்டை அகலப்படுத்தப் போறாங்களாம்" என்று பேச்சு கிளம்பினால், கையெழுத்து வேட்டைக்குக் கிளம்பும் முன் அரசிதழ் அறிவிப்பைக் கையில் வாங்குங்கள். மராத்தி நாளிதழ்களில் "ஹர்கதி வ சூச்னா" (ஆட்சேபங்களும் யோசனைகளும்) என்ற தலைப்பில் வருவது அதுதான். அதில் முதலில் பார்க்க வேண்டியது சட்டப் பிரிவு. 1966-ஆம் ஆண்டு மகாராஷ்டிர நகரமைப்புச் சட்டத்தில் பிரிவு 26 என்றால் முழு நகரத்துக்கான புதிய வளர்ச்சித் திட்டத்தின் வரைவு, அதாவது எந்த நிலம் எதற்கு என்று குறிக்கும் வரைபடம். 37 என்றால் நடப்பிலுள்ள திட்டத்தில் ஒரு திருத்தம். 37-க்குக் கெடு, அறிவிப்புத் தேதியிலிருந்து ஒரு மாதம். பேப்பர் உங்கள் கண்ணில் பட்ட நாள் கணக்கில் வராது.

ஆட்சேபிக்க வீட்டுச் சொந்தக்காரராக இருக்க வேண்டியதில்லை. "எந்த நபரும்" என்பதே சட்டத்தின் வாசகம். வாடகைக்காரரும் கடைக்காரரும் எழுதலாம்.

அடுத்தது முகவரி. மாநகராட்சிப் பகுதி என்றால் பொதுவாக வளர்ச்சித் திட்டப் பிரிவின் தலைமைப் பொறியாளர். பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸ், மும்பைப் பெருநகர வட்டார வளர்ச்சி ஆணையமான எம்.எம்.ஆர்.டி.ஏ.வின் கையில். தாராவி மறுசீரமைப்பு எல்லைக்குத் தனித் திட்ட அமைப்பு உண்டு. மனு யாருக்கு என்பது அறிவிப்பிலேயே இருக்கும். வார்டு ஆபீசில் கொடுத்துவிட்டுக் கெடு முடியும்வரை நிம்மதியாக இருப்பவர்கள் ஏராளம்.

இனி வரைபடம். தீவு நகரத்தில் (மும்பையின் பழைய தென்பகுதி) சி.எஸ். நம்பர், புறநகரில் சி.டி.எஸ். நம்பர்; இதுதான் உங்கள் மனையின் சர்வே எண், சொத்து அட்டையில் இருக்கும். அதை வைத்து உங்கள் மனை எந்த ஷீட்டில் வருகிறது என்று பாருங்கள். 2034 வரைக்கான மும்பை வளர்ச்சித் திட்டத்தில் (2034 திட்டம்) 'ஈ' என்று தொடங்கும் குறி இப்போது இருப்பதைக் காட்டும். 'ஆர்' என்று தொடங்குவது இனி வரவேண்டிய ஒதுக்கீடு. ஈ.ஓ.எஸ். 1.5 என்றால் இருக்கும் பூங்கா, ஆர்.ஓ.எஸ். 1.5 என்றால் பூங்காவுக்கு ஒதுக்கிய நிலம். ஓடிக்கொண்டிருக்கும் பள்ளிக்கூடமோ கோயிலோ குறியே இல்லாமல் விடுபட்டிருந்தால், அதுவே வலுவான ஆட்சேபம். இந்தத் திட்டத்துக்கு 2015-இல் வெளியான முதல் வரைவு இப்படிப்பட்ட பிழைகளால்தான் அந்த ஏப்ரலிலேயே ஓரங்கட்டப்பட்டது.

ரோடு விஷயத்தில் டேப்பை எடுத்து நீங்களே அளந்துவிடுங்கள். 9.15 மீட்டர் என்பது பழைய 30 அடி, 13.40 என்பது 44 அடி. முதலாவதை இரண்டாவதாக அகலப்படுத்தினால் வித்தியாசம் 4.25 மீட்டர். இரு பக்கமும் சமமாக எடுத்தால் பக்கத்துக்கு ஏறக்குறைய ஏழு அடி. ஒரே பக்கம் எடுத்தால் 14 அடி, அதாவது பல சால்களில் (வரிசை அறைகள் கொண்ட பழைய குடியிருப்புகள்) ஒரு முழு அறை. வரைபடக் கோடு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது.

இந்த விவரங்களுக்காகத் தகவல் உரிமை மனு போட்டுக் காத்திருக்காதீர்கள். கட்டணம் பத்து ரூபாய்தான். ஆனால் பதில் தர 30 நாள் அவகாசம் உண்டு, அதற்குள் கெடுவும் போய்விடும். நேரில் போய் வரைவைப் பார்வையிடலாம், கட்டணம் கட்டி நகலும் வாங்கலாம்.

மனு ஒரு பக்கம் போதும், மராத்தியில் இருந்தால் நல்லது. ஒரு மனுவுக்கு ஒரே விஷயம். அறிவிப்பு எண், தேதி, சர்வே எண், ஷீட், இப்போதைய நிலை, உங்கள் மாற்று யோசனை என்று எழுதுங்கள். "எங்கள் வாழ்வாதாரம் பாதிக்கும்" என்ற வரியை வைத்து அதிகாரி எதையும் திருத்த முடியாது. "இந்தச் சி.டி.எஸ். எண்ணுக்கு எதிரே ரோட்டுக் கோட்டை 2.10 மீட்டர் மேற்கே நகர்த்துக, அங்கே காலி மனை உள்ளது" என்றால் வரைபடத்தில் கைவைக்கலாம். ஒரே வாசகத்தை நூறு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தால் ஒரே கட்டாகி ஒரே பதிலோடு முடியும் வாய்ப்பே அதிகம். எண்ணிக்கை காட்ட வேண்டுமானால் ஒவ்வொருவரும் அவரவர் மனையின் அளவை எழுதட்டும். சால் மொத்தமும் உட்கார்ந்து எழுதினால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை.

கடைசி வரியில் "நேரில் கேட்டு முடிவெடுக்க வேண்டுகிறேன்" என்று மறக்காமல் சேர்த்துவிடுங்கள். இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றில் முத்திரையும் இன்வர்ட் நம்பரும் (மனு பெற்ற பதிவு எண்) தேதியும் வாங்குங்கள். மின்னஞ்சலும் அனுப்பலாம், ஆனால் முத்திரைப் பிரதி கையில் இல்லாமல் பின்னால் வாதாட முடியாது.

விசாரணையில் கிடைப்பது சில நிமிடம்தான். புகைப்படத்தையும் அளவுக் குறிப்பையும் எழுத்து மூலம் கொடுத்து, அதற்கும் முத்திரை வாங்குங்கள்.

அத்தோடு கோப்பை மூடிவிட வேண்டாம். 2034 திட்டத்துக்கு 2018 மே மாதம் ஒப்புதல் வந்தபோது, அரசு பெரிதாக மாற்றிய பகுதிகளை இ.பி. (ஒப்புதலிலிருந்து விலக்கிய பகுதி) என்று எண்ணிட்டுத் தனியே பிரித்து மறுபடி ஆட்சேபம் கேட்டது. அந்தப் பட்டியலில் உங்கள் சர்வே எண் இருந்தால் பழைய மனுவை நம்பியிருக்காமல் புதிதாக ஒன்று கொடுக்க வேண்டும்.