மழைக்காலக் கையிருப்பு: அடுப்பு இல்லாமல் நான்கு நாள் சாப்பிட எதை வாங்குவது, எப்படி வைப்பது

2015 டிசம்பர் 1 இரவு அடையாற்று வெள்ளம் முடிச்சூரில் எங்கள் தெருவுக்குள் புகுந்தபோது, வீட்டில் ஒரு மூட்டை அரிசி இருந்தும் மூன்று நாள் பிஸ்கட்டைத் தின்றே காலம் தள்ளினோம். மின்சாரம் இல்லாததால் மோட்டார் ஓடவில்லை. எரிவாயு உருளை கீழ்த்தளத்தில் நீருக்குள் கிடந்தது. மாடியில் எஞ்சியிருந்த இரண்டு குடம் குடிநீரை அரிசி களைவதற்குச் செலவிட மனம் வரவில்லை. அன்றிலிருந்து அவசர கால உணவு என்றால், அதற்கு எவ்வளவு தண்ணீரும் தீயும் வேண்டும் என்பதைத்தான் நான் முதலில் பார்க்கிறேன். விலையும் ஆயுளும் அதற்குப் பிறகுதான்.

முதற்படி, பொருள்களைத் தேர்ந்தெடுப்பது. பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 250 கிராம் அவல், 100 கிராம் வேர்க்கடலை, 75 கிராம் வெல்லம் என்று கணக்கிட்டால் ஏறத்தாழ 1,700 கலோரி கிடைக்கும். நால்வர் உள்ள குடும்பத்துக்கு நான்கு நாளுக்கு 4 கிலோ அவல், 1.6 கிலோ கடலை, 1.2 கிலோ வெல்லம் போதும். இவை எல்லாம் மளிகைக் கடையிலேயே கிடைப்பவை என்பதால், இதற்கென்று விற்கப்படும் உலர் உணவுப் பொட்டலங்களை விலை கொடுத்து வாங்கத் தேவையில்லை. அவலில் வெள்ளைக் கெட்டி அவலையே வாங்குங்கள். மெல்லிய அவல் வைத்திருக்கும்போதே நொறுங்கித் தூளாகிவிடும். சிவப்பு அவல் சத்து மிகுந்தது என்றாலும், அதன் தவிட்டில் உள்ள எண்ணெய் விரைவில் சிக்கு வாடை அடிக்கும். பொரி இடத்தை அடைப்பதோடு, பிரித்த மறுநாளே நமத்துவிடும். குடிநீரைத் தனியாக, ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 4 லிட்டர் என்று சேமியுங்கள்.

அடுத்தது பாத்திரம். எவர்சில்வர் சம்படம் உறுதியானது என்றாலும், அதன் மூடி காற்றைத் தடுப்பதில்லை. ஒரு கிலோ பிடிக்கும் திருகுமூடி பிளாஸ்டிக் ஜாடிகளையே நான் விரும்புகிறேன். வெறும் ஜாடியை இறுக மூடி வாளித் தண்ணீருக்குள் அமுக்கிப் பாருங்கள்; குமிழி வந்தால் அதை விட்டுவிடுங்கள். ஒரே பெரிய டின்னில் எல்லாவற்றையும் கொட்டினால், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் மழைக்காலத்து ஈரக்காற்று உள்ளே போய் முழுச் சரக்கையும் கெடுக்கும்.

மூன்றாவது படி உலர்த்துவது. நான் தவறியது இங்கேதான். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் வீசி மின்சாரம் நின்றபோது, மிகுந்த நம்பிக்கையோடு அவல் ஜாடியைத் திறந்தேன்; மேற்பரப்பு முழுவதும் பூசணம் பூத்திருந்தது. மொட்டை மாடி வெயிலில் இரண்டு நாள் நன்றாகக் காயவைத்த அவல்தான் அது. அதைச் சூடு ஆறுவதற்குள் அள்ளி ஜாடியில் போட்டு மூடியிருக்கிறேன். சூடான தானியத்திலிருந்து எழும் ஆவி வெளியேற வழியில்லாமல், குளிர்ந்த மூடியின் உட்புறத்தில் நீர்த்துளிகளாகப் படிந்து மீண்டும் அவல் மீதே சொட்டுகிறது. உள்ளே பூசணம் வளர அந்த ஈரமே போதும். ஆகவே வெயிலில் காய்ந்ததையும், வெறும் வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்ததையும் நிழலில் பரப்பி, உள்ளே கைவிட்டால் துளியும் வெதுவெதுப்புத் தெரியாத வரை ஆறவிட்டு, அன்றே ஜாடியில் விளிம்பு வரை நிரப்பி மூடுங்கள். இரவு முழுவதும் திறந்து வைத்தால் காற்றின் ஈரத்தை அது மீண்டும் இழுத்துக்கொள்ளும். மறுநாள் மூடியின் உட்புறத்தைப் பாருங்கள்; பனித்திருந்தால் வெளியே கொட்டி மறுபடியும் காயவையுங்கள். வெல்லம் தானே ஈரத்தை ஈர்க்கும் பொருள் என்பதால், அதை அவலோடு ஒரே ஜாடியில் வைக்கவே கூடாது.

ஜாடிகளைத் தரையில் வைக்காமல் பரணில் வையுங்கள். மேல்தளத்தில் குடியிருப்பவர்கள் பரணுக்குப் பதிலாக அலமாரியின் நடுத்தட்டைப் பயன்படுத்தலாம். கூரைச் சூட்டில் கடலை சீக்கிரம் கெடும். ஆவணியில் வாங்கி, ஆயுத பூசைக்குள் எல்லாவற்றையும் அடைத்து, பொங்கலுக்குப் பிறகு அன்றாடச் சமையலில் தீர்த்துவிடுவது எங்கள் வழக்கம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது இந்தக் கையிருப்பு எங்களுக்குக் கைகொடுத்தது.

பின்சேர்க்கை: அரிசிக்குப் போரிக் பவுடரும் பருப்புக்கு விளக்கெண்ணெயும் கலந்து வைக்கலாமா என்று சிலர் கேட்டிருந்தனர். விளக்கெண்ணெய் தடவுவது பழைய, நல்ல முறைதான். ஆனால் சமைக்கும் முன் அதை அலசியாக வேண்டும், வெள்ள நாளில் அலசுவதற்குத் தண்ணீர் இருக்காது. போரிக் பவுடர் நச்சுப் பொருள். எந்த நாளிலும் உணவில் அதைக் கலக்காதீர்கள். வண்டுக்கு அஞ்சுபவர்கள், அடைப்பதற்கு முன் பொருளை உறையிட்டு நான்கு நாள் ஃப்ரீசரில் வைத்தால் முட்டைகள் அழிந்துவிடும். வெளியே எடுத்ததும் உறையைப் பிரிக்காமல், குளிர் முழுவதும் போன பிறகு பிரியுங்கள். இல்லையெனில் நான் சூட்டினால் கெடுத்ததை நீங்கள் குளிரினால் கெடுப்பீர்கள்.

வீட்டில் நீரிழிவு உள்ளவர் இருந்தால் வெல்லத்தைக் குறைத்துப் பொட்டுக்கடலையைக் கூட்டுங்கள். அவருக்கான மாத்திரைகளையும் ஒரு வாரத்துக்கு அதே அலமாரியில் வையுங்கள். வெள்ளநீர் பட்ட பொட்டலம் பிரிக்காததாகவே இருந்தாலும் அதை உண்ண வேண்டாம்.