விடை வந்துவிட்டது, எந்தக் கணக்குக்கு?

ஹட்டனில் என்னிடம் மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்கு முதல் நாளே ஒரு கணக்குக் கொடுப்பேன். டெவோன் நீர்வீழ்ச்சியின் உயரம் 97 மீற்றர். காற்றுத் தடையை விட்டுவிட்டால், உச்சியிலிருந்து விழும் துளி கீழே வர எத்தனை செக்கன்? கல்குலேட்டரில் 2ஐ 97ஆல் பெருக்கி, 9.8ஆல் வகுத்து, மொத்தத்துக்கும் வர்க்கமூலம் எடுக்க வேண்டும்.

சிலருக்கு 4.45 வரும். சிலருக்கு 14 வரும். 2ஐ அழுத்தியதும் அம்புப் பட்டனைத் தட்டி மூலக்குறியை விட்டு வெளியே வந்தவர்களுக்குத்தான் இந்த 14. ஒற்றை வரிக் கல்குலேட்டரில் அடைப்புப் போடாவிட்டாலும் இதேதான். கருவி எந்தப் பிழையும் காட்டாது. தலவாக்கலைப் பாதையில் பஸ்ஸிலிருந்து பார்த்த நீர்வீழ்ச்சிதானே, அதை மனதில் வைத்து பதினான்கு வரை எண்ணிப் பாருங்கள் என்பேன். பட்டனைத் தொடும் முன்பே விடை ஏறக்குறைய எவ்வளவு வரும் என்று ஒரு கணிப்பு இருக்கட்டும்.

அடுத்தது மறைக் குறி. −5² என்று அழுத்தினால் −25 வரும். (−5)² என்றால்தான் 25. x² − 5x + 6 = 0 என்பதை இருபடிச் சூத்திரத்தில் போடும்போது இந்த அடைப்பு விடுபட்டால் மூலக்குறிக்குள் 25 − 24க்குப் பதிலாக −25 − 24, அதாவது −49 வந்து 'மெத் எரர்' (கணக்குப் பிழை) காட்டும். பிள்ளை 'மெய் மூலங்கள் இல்லை' என்று எழுதிவிடும். நல்லாத் தெரிந்த கணக்கில் இப்படிப் புள்ளி போவது எனக்கு மிகவும் வருத்தம்.

1÷2π என்பதும் அப்படித்தான். காசியோ எப்எக்ஸ்-991இஎஸ் பிளஸ் கல்குலேட்டர் 2πஐ ஒன்றாக எடுத்து 0.159 தரும். நடுவில் × போட்டால் 1.571.

சைன் 30க்கு −0.988 வந்தால் கருவி கோணத்தின் இன்னோர் அலகான ஆரையனில் நிற்கிறது, பாகைக்கு மாற்றுங்கள்.

சரி, சமன்பாட்டுக்கு விடை தேடித் தரும் 'சால்வ்' பட்டனுக்கு வருவோம். சமன்பாட்டுக்குள் போடும் சமன்குறி வேறு, விடை கேட்கும் = பட்டன் வேறு. முன்னதற்கு 'அல்பா' அழுத்தி 'கல்க்' அழுத்த வேண்டும். சால்வ் ஒரு தடவைக்கு ஒரு மூலம்தான் தரும். மேலே சொன்ன சமன்பாட்டில் 0இலிருந்து தொடங்கினால் 2, 10இலிருந்து தொடங்கினால் 3. இருபடி என்றால் இரண்டு தடவையாவது தேடுங்கள்.

விடைக்குக் கீழே இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் தெரியும். அது 0 என்றால் நீங்கள் அழுத்திய சமன்பாடு தீர்ந்துவிட்டது என்றுதான் அர்த்தம். தாளில் உள்ளதை அப்படியே அழுத்தினீர்களா என்று கருவிக்குத் தெரியாது. ஆகவே 3ஐத் தாளில் உள்ள சமன்பாட்டிலேயே கையால் போட்டுப் பாருங்கள்: 9 − 15 + 6. அப்புறம் 2ஐயும்.