சுவிஸ் சிற்றூரைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுவிட்சர்லாந்தின் சின்னச் சின்ன கெமைண்டேக்களை, அதாவது ஊராட்சிகளைப் பற்றிப் புதிதாக எழுத வந்தவர்களின் வரைவுகளைச் சமீபத்தில் படித்தேன். பத்து வருடத்துக்கு முன் நான் செய்த அதே பிழைகள், ஒன்று விடாமல். எழுத்துப்பிழை, பழைய மக்கள்தொகைக் கணக்கு போன்றவற்றை நீங்களே பார்த்துத் திருத்திவிடுவீர்கள், அதனால் அதையெல்லாம் விட்டுவிடுகிறேன். உதாரணத்துக்கு பிர்ஸ்ஃபெல்டன்: பாசல் நகரை ஒட்டி, பிர்ஸ் ஆறு ரைனில் கலக்கும் இடத்தில், சுமார் 2.5 சதுர கிலோமீட்டரில் பத்தாயிரம் பேருக்குச் சற்று மேல் வாழும் ஊர்.

பாசலுக்குப் பக்கம் என்பதால் பாசல் ஆகிவிடாது

3-ஆம் எண் டிராமில் போனால் ஊர் மாறியதே தெரியாது. ஆனால் பிர்ஸைத் தாண்டியதும் மாநிலமே வேறு. 1833-ல் பாசல் இரண்டாகப் பிரிந்தபோது நகரம் ஒரு பக்கமும் நாட்டுப்புறம் இன்னொரு பக்கமும் போயின. பிர்ஸ்ஃபெல்டன் பாசல்-லாண்ட்ஷாஃப்டில் இருக்கிறது, அதன் தலைநகர் லீஸ்டால். வரியும் பள்ளியும் அந்த மாநிலச் சட்டப்படிதான். "பாசலின் ஒரு பகுதி" என்று எழுதினால் உள்ளூர்க்காரர் அதற்கு மேல் படிக்க மாட்டார்.

"பழமை வாய்ந்த கிராமம்"

1875 வரை பிர்ஸ்ஃபெல்டன் பக்கத்து ஊரான முட்டென்ஸோடு சேர்ந்திருந்தது. தனி ஊராட்சியாக வயது குறைவு, அப்படியே எழுதுங்கள்.

ஹைமாட்டோர்ட்டைப் பிறந்த ஊர் என்று எழுதுவது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது.

சுவிஸ் அடையாள அட்டையில் பிறந்த ஊர் இருக்காது, ஹைமாட்டோர்ட் என்றுதான் ஓர் ஊர்ப் பெயர் இருக்கும். அது குடும்பத்தின் குடியுரிமை எந்த ஊரிலிருந்து வருகிறதோ அந்த ஊர். நம் பேச்சில் சொன்னால் "பூர்வீகம் எது?" என்ற கேள்விக்கான பதில், ஆனால் சட்டப்படி பதிவானது. தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்குப் போய்க்கொண்டே இருக்கும், அந்த ஊரில் கால் வைத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒரு காலத்தில் ஒருவர் வறுமையில் விழுந்தால் அவரைத் தாங்க வேண்டியது அந்த ஊர்தான், அதனால் யார் எந்த ஊர்க்காரர் என்பது பெரிய விஷயமாக இருந்தது. ரோஜர் ஃபெடரரையே பாருங்கள். பிறந்தது பாசலில், வளர்ந்தது பிர்ஸ்ஃபெல்டன், ரீஹென், மூன்ஷென்ஸ்டைன் என்று அக்கம்பக்கத்தில், ஹைமாட்டோர்ட்டோ செயின்ட் காலன் மாநிலத்து பெர்னெக்.

நான் ஒரு சிறப்பு மலருக்காக எழுதியபோது, ஆற்றோரமாகவே ஆயுள் முழுக்க வாழ்ந்த ஒரு பாட்டியின் அட்டையைப் பார்த்து, அப்பென்செல் மலைக்கிராமம் ஒன்றில் அவர் பிறந்ததாக எழுதிவிட்டேன். அதோடு நிற்காமல் மலையிலிருந்து நகரோரத்துக்கு இறங்கி வந்த வாழ்க்கை என்று அரைப்பக்கம் வேறு. அச்சாகி வந்த பிறகு பாட்டி படித்துவிட்டு, "அந்த ஊரை நான் பார்த்ததே இல்லையே தம்பி" என்றார். அந்த அரைப்பக்கத்தில் ஒரு வரிகூட உண்மையில்லை. நானூறு பிரதிகளில் திருத்தச் சீட்டை வெட்டி, பசை தடவி, ஒவ்வொன்றாக ஒட்டினோம். இரண்டு இரவு ஆனது. "பிறந்த இடம் எது?" என்று அவரிடமே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

நம்மவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்கணும். யாழ்ப்பாணத்தில் பிறந்து பிர்ஸ்ஃபெல்டனில் குடியுரிமை வாங்கியவரின் ஹைமாட்டோர்ட் பிர்ஸ்ஃபெல்டன் ஆகலாம். ஜெனீவாவில் பிறக்கும் பேரப்பிள்ளைக்கும் அதே பெயர் வரலாம்.

"வெளிநாட்டவர்" எண்ணிக்கை

அது கடவுச்சீட்டுக் கணக்கு. அங்கேயே பிறந்து இன்னும் குடியுரிமை எடுக்காத பிள்ளைகளும் அதில் அடக்கம், அதனால் "குடியேறியவர்கள்" என்று மாற்றி எழுதாதீர்கள்.

கெமைண்டராட்

பிர்ஸ்ஃபெல்டனில் இந்தச் சொல் ஊரை நிர்வகிக்கும் குழுவைக் குறிக்கும், சூரிச் நகரிலோ சட்டமன்றம் போன்ற நகர மன்றத்தை. மாநிலம் பார்த்து மொழிபெயர்க்கவும்.

மக்கள் அடர்த்தி

பரப்பளவுக்குள் ஹார்ட் காடும் ரைன் துறைமுகமும் வருகின்றன, அதனால் மொத்தப் பரப்பால் வகுத்து வரும் எண்ணை மட்டும் வைத்து மக்கள் நெருக்கத்தைச் சொல்லாதீர்கள்.

மின்நிலையத்தை ஒரு வரியில் முடிப்பது

1954-ல் இயங்கத் தொடங்கிய ரைன் நீர்மின் நிலையம் இந்த ஊரின் முகம். கட்டடக் கலைஞர் ஹான்ஸ் ஹோஃப்மன் அதற்குப் பெரிய கண்ணாடிச் சுவர்கள் வைத்தார், வெளியே நடந்து போகிறவருக்கும் இயந்திரக் கூடம் தெரியும். சாயங்காலம் போய் அந்தக் கண்ணாடி ஓரமாகக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்து, அப்புறம் எழுதுங்கள்.