பெற்றோர் ஆசிரியர் கழகம் நாலைந்து பேர் கையில் இருக்கிறதா?

வாட்ஸ்அப் குழுவில் மல்லுக்கட்ட வேண்டாம். முதலில் கழக விதிமுறைகளின் நகலைச் செயலாளரிடம் எழுத்தில் கேளுங்கள். தலைமையாசிரியருக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். பதவிக்காலம், தேர்தல் முறை, சிறப்புக் கூட்டம் கோர எத்தனை கையெழுத்து தேவை என்பதெல்லாம் பெரும்பாலும் அதில்தான் இருக்கும்.

அடுத்து கணக்கு. "ஊழல்" என்று எழுதினால் கதவைச் சாத்திவிடுவார்கள். "ஆண்டு விழாவுக்கு வசூலான தொகை, செலவு, ரசீதுகள், மீதி" என்று குறிப்பாகக் கேட்டால் மழுப்புவது கடினம். வசூல் தனிநபர் வங்கிக் கணக்குக்குப் போகிறதென்றால் அதையே முதலில் கேளுங்கள். 14 நாள் கெடு வையுங்கள். பதில் இல்லையா, பள்ளி நிர்வாகத்துக்கு எழுதுங்கள். நாலு பெற்றோராவது சேர்ந்து கையெழுத்திடுங்கள்; தனி ஆளைப் 'பிரச்சினைக்காரர்' என்று ஒதுக்குவது அவர்களுக்கு ரொம்பச் சுலபம்.